அபின் பெட்டியும் மாவுப் பீப்பாயும்

1847 மார்ச் 28 அன்று பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘ஜேம்ஸ்டவுன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் அயர்லாந்தை நோக்கிப் பாய் விரித்தது. அதன் பீரங்கிகளில் பெரும்பாலானவற்றைக் கரையில் இறக்கிவிட்டிருந்தார்கள். மக்காச்சோளம், சோளமாவு, பட்டாணி, பீன்ஸ், அரிசி, உப்பிட்ட இறைச்சி, ரொட்டி என்று ஏறக்குறைய எட்டாயிரம் பீப்பாய் உணவு அந்த இடத்தை நிறைத்திருந்தது. கப்பலை நடத்தியவர்கள் கடற்படையினர் அல்லர். கேப்டன் ராபர்ட் பென்னட் ஃபோர்ப்ஸ் பாஸ்டனின் பெயர்பெற்ற கப்பல் வணிகர். அவருக்கு அடுத்த அதிகாரியாகச் சென்றவர் ஃபிரெடரிக் மகாண்ட்ரே.

இந்த இருவரும் அதற்கு முன்பும் ஒரே கப்பலில் பொறுப்பு வகித்தவர்கள். 1830-களில் தென்சீனத்தின் முத்தாற்று முகத்துவாரத்தில் ‘லின்டின்’ என்ற கப்பல் நங்கூரமிட்டு நின்றது. முதலில் ஃபோர்ப்ஸும், அவர் போன பிறகு மகாண்ட்ரேயும் அதன் தலைவர்களாக இருந்தார்கள். அந்தக் கப்பல் எங்கும் பயணம் போகவில்லை. வந்து சேரும் அபின் பெட்டிகளை இறக்கி வைத்துக்கொள்வதும், சீனக் கடத்தல்காரர்களின் படகுகளுக்கு எண்ணிக் கொடுப்பதும்தான் அதன் வேலை.

அயர்லாந்தில் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சோறு கொண்டுபோனவரும், கோடிக்கணக்கான மக்கள் வாழும் ஒரு நாட்டில் போதையை இறக்கியவரும் ஒரே மனிதர். ஃபோர்ப்ஸைப் பற்றி எழுதியவர்கள் பலரும் இந்த இரண்டில் ஒன்றை முன்வைத்து மற்றதை ஒரு பத்தியில் கடந்துவிடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த மனிதரும், அவர் வாழ்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு பாஸ்டனும் புரியும். ஒன்றை மற்றொன்றால் கழித்து மீதி பார்க்கும் வேலையை இங்கே செய்யப்போவதில்லை. அப்படிக் கழிக்க முடியும் என்ற எண்ணமே தவறானது.

ஃபோர்ப்ஸ் 1804 செப்டம்பர் 18 அன்று பாஸ்டனை அடுத்த ஜமைக்கா ப்ளெயினில் பிறந்தார். தந்தை ரால்ஃப் ஃபோர்ப்ஸ் வணிகத்தில் பெரிதாக வென்றவர் அல்லர். குடும்பத்தின் பலம் தாய் மார்கரெட் பெர்கின்ஸ் வழியில் வந்தது. அவருடைய சகோதரர்கள் ஜேம்ஸ் பெர்கின்ஸும் தாமஸ் ஹேண்டசிட் பெர்கின்ஸும் சீன வணிகத்தில் அமெரிக்காவின் முதல் வரிசையில் இருந்தார்கள். தாமஸ் பெர்கின்ஸ் இளமையில் கரீபியத் தீவுகளில் அடிமை வணிகத்திலும் ஈடுபட்டவர். பிறகு துருக்கியின் ஸ்மிர்னா துறைமுகத்திலிருந்து அபின் வாங்கிச் சீனாவுக்கு அனுப்பும் வழியில் இறங்கி, அதில் மற்ற அமெரிக்கர்களை எல்லாம் பின்தள்ளினார்.

சிறுவன் பென்னட்டின் குழந்தைப் பருவமே கடலில் அலைக்கழிந்தது. 1811-இல், தந்தை தொழில் செய்த பிரான்சுக்குத் தாயுடன் கப்பலேறினான். நெப்போலியன் போர்க் காலம். போகும்போதும் திரும்பும்போதும் ஆங்கிலேயப் போர்க்கப்பல்களிடம் சிக்கி, ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்கு மாறி, 1813-இல்தான் குடும்பம் அமெரிக்கா வந்து சேர்ந்தது. பன்னிரண்டு வயதில் மாமன்களின் கிட்டங்கியில் எடுபிடி வேலை. நேரம் கிடைத்தபோதெல்லாம் துறையில் நின்ற கப்பல்களில் ஏறித் திரிந்த பையனிடம், எந்தக் கப்பலில் போகப்போகிறாய் என்று ஒரு நாள் மாமன் தாமஸ் கேட்டாராம். இந்தக் கப்பலிலேயே போகிறேன் என்றான் பையன். அது ‘கான்டன் பாக்கெட்’. 1817 அக்டோபரில், பதின்மூன்று வயதில், அதில் எளிய கப்பல் பையனாகச் சீனாவுக்குக் கிளம்பினான்.

கான்டனில் மாமன்களின் வணிகத்தைக் கவனித்தவர் ஜான் பெர்கின்ஸ் குஷிங் என்ற உறவினர். அலுவலகத்தில் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொள் என்றார் அவர். பையனுக்குக் கடல்தான் வேண்டியிருந்தது. இருபது வயதில் ‘லெவன்ட்’ என்ற கப்பலின் கேப்டன் ஆனார். இன்றைய கல்லூரி மாணவர்களின் வயது அது. அந்த வயதில் கப்பல், சரக்கு, மாலுமிகளின் உயிர் மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு அவர் உலகைச் சுற்றினார். மாமன்களின் தயவு கதவைத் திறந்தது உண்மை. உள்ளே போன பிறகு காட்டிய திறமை அவருடையது.

1829 ஆகஸ்டில் மக்காவ் அருகே வீசிய சூறாவளியில் அண்ணன் தாமஸ் டன்னோ ஃபோர்ப்ஸ் மூழ்கி இறந்தார். குஷிங் ஊர் திரும்பிய பிறகு கான்டனில் பெர்கின்ஸ் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றிருந்தவர் அவர். அவர் இறந்ததும் பெர்கின்ஸ் நிறுவனத்தின் சீன வணிகம் ரஸல் அண்ட் கம்பெனியுடன் இணைந்தது. அபின் சேமிப்புக் கப்பலின் பொறுப்பு ராபர்ட் ஃபோர்ப்ஸிடம் வந்தது. 1830-இல் அவர் ‘லின்டின்’ கப்பலைக் கொண்டுபோய் அதே பெயருள்ள தீவின் அருகே நிறுத்தினார்.

அந்த வணிகம் நடந்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சீனப் பேரரசு 1729 முதலே அபினுக்கு எதிராக ஆணை மேல் ஆணை பிறப்பித்து வந்தது. வெளிநாட்டு வணிகர்கள் கான்டன் நகரில் மட்டுமே, நகர மதிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற பண்டகசாலைகளில் மட்டுமே தங்கலாம். மனைவிகளை அழைத்துவர அனுமதி இல்லை. கோஹோங் என்ற சீன வணிகர் குழுவின் வழியாகத்தான் எதையும் விற்கவும் வாங்கவும் வேண்டும். அபினை அந்த நேர்வழியில் விற்க முடியாது. 1821-இல் கெடுபிடி இறுகியபோது, அபின் கப்பல்கள் கான்டன் ஆற்றை விட்டு விலகி லின்டின் தீவருகே நின்றுகொண்டன. கான்டனில் இருக்கும் தரகர் வெள்ளியைக் கொடுத்து ஒரு சீட்டு வாங்கிக்கொள்வார். அந்தச் சீட்டுடன் பல துடுப்புகள் கொண்ட வேகப் படகு இரவோ பகலோ லின்டினுக்கு வரும். கப்பலில் சீட்டைக் காட்டினால் பெட்டிகள் இறங்கும். ஒரு பெட்டியில் சுமார் 60 கிலோ. வழியில் இருந்த அதிகாரிகளுக்குப் பங்கு கொடுப்பது படகுக்காரரின் பொறுப்பு.

எனவே அமெரிக்க வணிகர் சீன மண்ணில் ஒரு அபின் உருண்டையைக்கூடத் தன் கையால் இறக்கவில்லை. சட்டத்தை மீறியது படகுக்காரர், லஞ்சம் வாங்கியது அதிகாரி, புகைத்தது யாரோ ஒருவர். கப்பலின் தளத்தில் நின்றவருக்குத் தெரிந்ததெல்லாம் சீட்டும் பெட்டியும் வெள்ளிக் காசும்தான். புகைப்பவரின் வீட்டு வாசல் வரை வணிகர் ஒருபோதும் போக வேண்டியதில்லை. இந்தத் தூரம் தற்செயலாக அமைந்தது அல்ல. வணிகம் ஓடியதே அதை நம்பித்தான்.

துருக்கி அபின் அமெரிக்கர்களின் தனிச் சரக்காக இருந்தாலும், சீனாவுக்குப் போன மொத்த அபினில் அதன் பங்கு சிறிது. பெரும்பகுதி இந்தியாவில் விளைந்தது. பீகாரிலும் காசிப் பகுதியிலும் கிழக்கிந்தியக் கம்பெனி முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடி பயிரிட வைத்தது. விளைச்சலைத் தன் ஏகபோகத்தில் வாங்கிக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. மாளவத்து அபின் பம்பாய் வழியாகப் போனது. ஆங்கிலேயர் சீனத் தேயிலைக்குக் கொடுக்க வேண்டிய வெள்ளியை இந்திய உழவரின் நிலத்திலிருந்து எடுத்தார்கள் என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். ரஸல் கம்பெனி இந்திய அபினையும் தரகுக்கு வாங்கி விற்றது.

1832-இல், 28 வயதில், கை நிறையச் செல்வத்துடன் ஃபோர்ப்ஸ் கடல் வாழ்க்கையை விட்டார். அடுத்த ஆண்டு பாஸ்டனுக்குத் தெற்கே மில்டன் குன்றின் மேல் தன் தாய்க்கு ஒரு வீடு கட்டினார். அந்த வீடு இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1834-இல் ரோஸ் கிரீன் ஸ்மித்தை மணந்தார். இனி ஊரிலேயே இருந்து சுகமாக வாழலாம் என்பது திட்டம். பென்சில்வேனியாவின் ஃபேரண்ட்ஸ்வில்லில் ஓர் இரும்பு உருக்குத் தொழிலில் பணத்தைப் போட்டார். 1837-இல் அமெரிக்க வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்த நிதி நெருக்கடி அந்தச் செல்வத்தைக் கரைத்துவிட்டது. மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு, இழந்ததை மீட்க 1838-இல் மறுபடி கான்டனுக்குக் கப்பலேறினார்.

இந்த இரண்டாம் வருகையில் அவர் ரோஸுக்கு எழுதிய கடிதங்கள் நாட்குறிப்பு மாதிரி நீள்கின்றன. தேயிலை விலை, சாப்பாடு, உடம்பு, ஊர் ஏக்கம் எல்லாம் அவற்றில் கலந்திருக்கின்றன. வீட்டின் நினைவால் தவித்த ஒரு கணவரின் எழுத்து அது. கான்டனில் அவருக்குத் துணையாக நின்றவர் ஹவ்குவா என்று வெளிநாட்டினர் அழைத்த வூ பிங்ஜியன். கோஹோங் வணிகர்களின் தலைவர். 1834-இல் தன் சொத்தை இரண்டு கோடியே அறுபது லட்சம் டாலர் என்று அவரே மதிப்பிட்டிருந்தார். அந்நாளில் உலகின் மிகப் பெரிய செல்வர்களில் அவர் ஒருவர். ஃபோர்ப்ஸின் தம்பி ஜான் மர்ரே ஃபோர்ப்ஸ் பதினேழு வயதில் கான்டனுக்கு வந்தபோது, அவரைத் தன் கடிதப் போக்குவரத்துக்கு வைத்துக்கொண்டு பிள்ளை போல நடத்தியவரும் இவரே. பிற்காலத்தில் ஹவ்குவாவின் பணம் ஜான் மர்ரே வழியாக அமெரிக்க முதலீடுகளில் இறங்கியது. வெறும் கணக்கு வழக்குக்கு அப்பால் அந்தக் குடும்பங்களுக்கு இடையே உண்மையான பாசம் இருந்தது.

1839 மார்ச் மாதம் பேரரசரின் சிறப்பு ஆணையராக லின் சேஷு கான்டன் வந்து சேர்ந்தார். லஞ்சம் வாங்காதவர். கையில் இருக்கும் அபினை எல்லாம் ஒப்படையுங்கள், இனி கொண்டுவர மாட்டோம் என்று உறுதி எழுதிக் கொடுங்கள் என்றார். வணிகர்கள் கொஞ்சம் கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். லின் மசியவில்லை. ஹவ்குவாவின் கழுத்தில் சங்கிலி மாட்டப்பட்டது. மார்ச் 24 முதல் பண்டகசாலைகளைச் சுற்றிக் காவல் போடப்பட்டது. சீன வேலைக்காரர்கள் அனைவரும் ஒரே நாளில் வெளியேறினார்கள். சுமார் 350 வெளிநாட்டினர் உள்ளே அடைபட்டார்கள்.

ரஸல் கம்பெனியின் பங்குதாரர்கள் தாங்களே சமைக்க வேண்டி வந்தது. ஃபோர்ப்ஸ் பொரித்த பன்றி இறைச்சியும் முட்டையும் செருப்புத் தோல் மாதிரி இருந்ததாக உடனிருந்த வில்லியம் ஹன்ட்டர் பின்னாளில் எழுதினார். கான்டனில் வேலைக்காரர்கள் இல்லாமல் ஒரு வாரம்கூட வாழ்ந்து பழகாத மனிதர்கள் அவர்கள்.

ஆங்கிலேய வணிகத் தலைமை அதிகாரி சார்ல்ஸ் எலியட் கடைசியில் இறங்கி வந்தார். மொத்தம் 20,283 பெட்டி அபின் லின்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ரஸல் கம்பெனி கொடுத்த பங்கு ஆயிரம் பெட்டிக்கு மேல். அதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து ஆங்கிலேய வணிகர்கள் விற்றுத் தரச் சொல்லி அனுப்பிய சரக்கு. ஜூன் மாதம் ஹூமென் என்ற இடத்தில் பெரிய குழிகள் வெட்டி, தண்ணீரும் உப்பும் சுண்ணாம்பும் கலந்து அபினை எல்லாம் கரைத்துக் கடலில் விட்டார்கள். கடலை அசுத்தப்படுத்துவதற்காக லின் கடல் தெய்வத்திடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வழிபட்டார்.

ஆங்கிலேயர்கள் கான்டனை விட்டு வெளியேறியபோது, எலியட் ஃபோர்ப்ஸையும் கூடவே வரும்படி வற்புறுத்தினார். அமெரிக்கர்களும் போய்விட்டால் சீனர்கள் பணிவார்கள் என்பது அவர் கணக்கு. ஃபோர்ப்ஸ் மறுத்தார். காற்று வாங்கவோ பொழுது போக்கவோ சீனாவுக்கு வரவில்லை, ஒரு கஜம் துணி விற்கவும் ஒரு ராத்தல் தேயிலை வாங்கவும் வழி இருக்கும் வரை இருந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்ற பொருளில் பதில் சொன்னார். அடுத்த மாதங்களில் ஆங்கிலேயரின் சரக்கை ஹாங்காங்கிலிருந்து கான்டன் துறைக்கும், தேயிலையை அங்கிருந்து வெளியேயும் கொண்டுபோனது அமெரிக்கக் கப்பல்கள்தான். அந்தக் குறுகிய தூரத்துக்குக் கேட்டு வாங்கிய கூலி பெருங்கடல் கடக்கும் கூலிக்கு நிகராக இருந்தது. 1840 தொடக்கத்தில் அவர் ரஸல் கம்பெனியின் தலைவர் ஆகிவிட்டார். அந்த ஆண்டுக் கோடையில் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் வந்து சேர்ந்த நேரத்தில், இழந்த செல்வத்தை ஈட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். தலைமைப் பொறுப்பு வாரன் டெலனோவிடம் போனது. பிற்கால அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட்டின் தாய்வழித் தாத்தா அவர்.

தான் செய்வது என்ன என்று ஃபோர்ப்ஸுக்குத் தெரியாமல் இருந்ததா? தெரிந்தே இருந்தது. கான்டனிலிருந்து மனைவிக்கு எழுதிய ஒரு கடிதத்தில், அபின் சீன மக்களின் மனத்தைக் கெடுக்கிறது, உடலை அழிக்கிறது, நாட்டின் செல்வத்தை வெளியே இழுக்கிறது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். லின் சேஷுவின் குற்றச்சாட்டும் இதுவேதான். பல ஆண்டுகள் கழித்து, 1876-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அவர் குரல் மாறிவிடுகிறது. இங்கிலாந்தும், கிழக்கிந்தியக் கம்பெனியும், தான் மதித்த பெரிய வணிகர்களும் செய்ததைத்தான் தானும் செய்ததாகச் சொல்கிறார். சாராயம் செய்யும் கேட்டைவிட அபின் பெரிதாக எதையும் செய்துவிடவில்லை என்று வாதிடுகிறார்.

எல்லோரும் செய்தார்கள் என்ற வாதம் நிற்காது. ஏனென்றால் எல்லோரும் செய்யவில்லை. ரஸல் கம்பெனிக்கு அருகிலேயே, அதே கான்டன் ஆற்றங்கரையில், ஒலிஃபன்ட் அண்ட் கம்பெனி என்ற நியூயார்க் நிறுவனம் இருந்தது. அதன் தலைவர் ஒலிஃபன்ட் சமயப்பற்று மிக்கவர். அபினைத் தொட மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தார். மற்ற வணிகர்கள் அவர் பண்டகசாலைக்கு ‘சீயோன் மூலை’ என்று கேலிப் பெயர் வைத்தார்கள். அபின் இல்லாமலும் சீனாவில் பிழைக்கலாம் என்பதை ஃபோர்ப்ஸ் தினமும் தன் ஜன்னலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு நிறுவனம் இருந்ததால்தான் மற்றவர்கள் செய்ததைத் தேர்வு என்று சொல்ல முடிகிறது. காலத்தின் போக்கு என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

ஆங்கிலேயர் சீனாவுடன் நடத்திய முதல் அபின் போர் 1842-இல் நான்கிங் உடன்படிக்கையில் முடிந்தது. சீனா இரண்டு கோடியே பத்து லட்சம் வெள்ளி டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. அதில் அறுபது லட்சம், லின் கரைத்துவிட்ட அபினுக்கு இழப்பீடு. 1844-இல் அமெரிக்கா தனியாக வாங்ஷியா உடன்படிக்கை செய்துகொண்டது. அபின் கொண்டுவரும் அமெரிக்கருக்குத் தன் அரசின் பாதுகாப்புக் கிடையாது என்று அதில் எழுதினார்கள். நடைமுறையில் அது எதையும் தடுக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே ஃபோர்ப்ஸ் கிழக்கு பாஸ்டனில் சாமுவேல் ஹாலின் கட்டுத்துறையில் ‘ஆன்டிலோப்’ என்ற வேகக் கப்பலைக் கட்டி அனுப்பியிருந்தார். இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் பருவக் காற்றை எதிர்த்து அபின் ஏற்றிச் செல்வதற்கென்றே கட்டப்பட்ட கப்பல் அது.

கப்பல் கட்டுவதில் அவருக்கு இருந்த ஆர்வம் தனியாகச் சொல்ல வேண்டியது. பாய்மரக் கப்பலின் மேல்பாய் மிகப் பெரிது. புயலில் அதைச் சுருட்ட நிறைய ஆட்கள் உயரத்தில் ஏறித் தொங்க வேண்டும். பலர் விழுந்து செத்தார்கள். ஃபோர்ப்ஸ் அந்தப் பாயை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரித்தார். சிறிய பாயைக் குறைந்த ஆட்கள் விரைவில் சுருட்டலாம். ‘ஃபோர்ப்ஸ் பாயமைப்பு’ என்று அதற்குப் பெயர் வந்தது. அடுத்த பத்தாண்டில் ஹோவ்ஸ் என்பவர் செய்த மேலான அமைப்பு வரும்வரை பல கப்பல்கள் இதை ஏற்றன. எரிக்சன் வடிவமைத்த திருகுச் சுழலியைப் பாய்மரக் கப்பலில் பொருத்தி, காற்று விழுந்தால் நீராவியால் ஓடும்படி ‘மாசசூசெட்ஸ்’ கப்பலை 1845-இல் கட்டினார். பாதிப் பேர் இதெல்லாம் ஆகாது என்று சொன்ன காலம் அது.

பதின்மூன்று வயதில் பாயில் தொங்கியவர் என்பதால் மாலுமியின் ஆபத்து அவருக்குக் கண்ணால் கண்ட ஆபத்து. அவருடைய அக்கறை எங்கே கூர்மையாக இருந்தது என்பதற்கு இது நல்ல தடயம்.

அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்கைத் தாக்கிய கருகல் நோய் 1846-இல் விளைச்சலை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தது. ஏழை உழவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கிழங்கே முக்கிய உணவு. குத்தகைக்காக அவர்கள் விளைவித்த தானியமும் கால்நடையும் பஞ்ச காலத்திலும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. சில ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் பட்டினியிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள். அதைவிடக் கூடுதலானோர் நாட்டை விட்டுப் போனார்கள்.

1847 பிப்ரவரியில் பாஸ்டனின் ஃபேனுயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. ஐரிஷ் கத்தோலிக்கர்களை அந்த நகரத்துப் புராட்டஸ்டன்ட் மேல்தட்டு விரும்பியதில்லை. 1834-இல் பக்கத்துச் சார்ல்ஸ்டவுனில் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் மடத்தை ஒரு கும்பல் எரித்திருந்தது. அப்படிப்பட்ட ஊர் தானியம் திரட்ட முன்வந்தது சாதாரணச் செய்தி அல்ல. அமெரிக்க அரசே ஐந்து லட்சம் டாலர் உதவி அளிக்கும் மசோதா ஒன்று செனட்டில் நிறைவேறியும், அரசியல் சட்டம் இடம் தராது என்ற எதிர்ப்பில் நின்றுபோனது. போர்க்கப்பலையாவது கடன் கொடுங்கள், நான் ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று ஃபோர்ப்ஸ் விண்ணப்பித்தார். மெக்சிகோவுடன் போர் நடந்துகொண்டிருந்தபோதும் மார்ச் 3 அன்று நாடாளுமன்றம் இரண்டு கப்பல்களைத் தனியாருக்குக் கொடுக்க அனுமதித்தது. ஒன்று ஃபோர்ப்ஸுக்கு ‘ஜேம்ஸ்டவுன்’. மற்றொன்று ஜார்ஜ் டிகேவுக்கு ‘மாசிடோனியன்’.

சரக்கு ஏற்றும் வேலை சார்ல்ஸ்டவுன் கடற்படைத் துறையில் மார்ச் 17 அன்று, அயர்லாந்தின் காவல் புனிதர் பேட்ரிக்கின் திருநாளில், தொடங்கியது. மூட்டை சுமந்தவர்களில் பெரும்பாலோர் ஐரிஷ் கூலிகள். கூலி வாங்காமல் சுமந்தார்கள். நாற்பதுகளில் இருந்த ஃபோர்ப்ஸ் தன் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டு, ஊதியம் இல்லாமல், அவசரமாகத் திரட்டிய மாலுமிகளுடன் வடக்கு அட்லான்டிக்கின் குளிர்காலக் கடைசிக் காற்றில் இறங்கினார். பதினைந்து நாளும் மூன்று மணி நேரமும் ஆயிற்று. ஏப்ரல் 12 அன்று கார்க் நகரின் துறையில் நங்கூரம் விழுந்தது.

சீனக் கடலில் சரக்கு இறக்குவதில் சிறுவயதிலிருந்து தேறிய கை இங்கே முழுமையாகப் பயன்பட்டது. யாரிடம் ஒப்படைப்பது, எந்த ஊருக்கு எவ்வளவு, யார் கணக்கு வைப்பது என்பதையெல்லாம் லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போனுடன் சேர்ந்து விரைவாக முடித்தார். விருந்துக்கும் பாராட்டுக்கும் வரிசையாக அழைப்புகள் வந்தன. ஒரு சிலவற்றைத் தவிர மற்றவற்றை விட்டுவிட்டார்.

கார்க் நகரின் சந்துகளுக்குள் அவரைக் கைபிடித்து அழைத்துச் சென்றவர் தியோபால்ட் மேத்யூ பாதிரியார். மெலிந்த உடல்களும், காய்ச்சலில் கிடப்பவர்களும், கஞ்சித் தொட்டிக்கு முன் முண்டியடிக்கும் கூட்டமும் ஃபோர்ப்ஸை உலுக்கின. அந்தக் காட்சிகளை அவர் அதே ஆண்டில் வெளியிட்ட ‘ஜேம்ஸ்டவுன்’ பயண நூலில் எழுதியிருக்கிறார். மேத்யூ பாதிரியார் சாதாரண ஆள் இல்லை. 1838 முதல் அயர்லாந்தில் மதுவிலக்கு இயக்கம் நடத்தி, லட்சக்கணக்கானோரைக் குடியை விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்ய வைத்தவர். போதை குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அன்றைய ஐரோப்பாவில் அவரைவிட நன்றாக அறிந்தவர் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. தன் பக்கத்தில் நடந்துவரும் அமெரிக்கரின் செல்வத்தில் எவ்வளவு அபினிலிருந்து வந்தது என்ற கேள்வி அந்தச் சந்தில் எழ இடமே இல்லை. அங்கே பசி மட்டும்தான் இருந்தது.

கார்க்கின் சந்தில் அவர் நடந்தார். கான்டனின் உள்நகரில் அவர் நடந்ததே இல்லை. அங்கே நடக்க வெளிநாட்டினருக்கு அனுமதியும் இல்லை. இந்த வேறுபாடு நிறைய விளக்குகிறது. முழுவதையும் விளக்கவில்லை. கண்ணால் காணாமலேயே அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு ரோஸுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஆனாலும் தெரிந்தது அவரைத் தடுத்து நிறுத்தவில்லை. பார்த்தது அவரை உலுக்கியது.

கண்முன் மூழ்குபவரை விட்டுவிடும் மனிதர் அவர் இல்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1849 ஜூன் 27 அன்று ‘யூரோப்பா’ என்ற குனார்ட் நீராவிக் கப்பலில் அவர் லிவர்பூலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அட்லான்டிக்கின் மூடுபனியில் அது, குடியேறிகளை ஏற்றி வந்த ‘சார்ல்ஸ் பார்ட்லெட்’ கப்பலின் மேல் மோதியது. சில நிமிடங்களில் அந்தக் கப்பல் மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாற்பத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஃபோர்ப்ஸ், பயணியாக இருந்தும், கடலில் குதித்து ஆட்களைப் பிடித்து இழுத்தார். உயிர்காப்புச் சங்கங்கள் பதக்கம் கொடுத்தன. பிற்காலத்தில் முதிய மாலுமிகளுக்கு குவின்சியில் ஓர் இல்லம் அமைக்கும் முயற்சியில் முன்னின்றார். உயிர்காப்புப் படகுகள், கப்பல் விபத்துத் தடுப்பு பற்றியெல்லாம் துண்டு வெளியீடுகள் எழுதித் தள்ளினார். ‘யூரோப்பா’ விபத்து நடந்த அதே ஆண்டில் மீண்டும் சீனா சென்று ரஸல் கம்பெனியின் வேலையையும் பார்த்தார்.

அபின் பணம் ஃபோர்ப்ஸோடு நின்றுவிடவில்லை. தாமஸ் பெர்கின்ஸ் தன் மாளிகையை 1833-இல் பார்வையற்றோர் பள்ளிக்குக் கொடுத்தார். ஹெலன் கெல்லர் படித்த பெர்கின்ஸ் பள்ளி அதுவே. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை, பாஸ்டன் அத்தீனியம் நூலகம் போன்றவற்றிலும் சீன வணிகக் குடும்பங்களின் கொடை இருக்கிறது. தம்பி ஜான் மர்ரே 1846 முதல் மிச்சிகன் சென்ட்ரல் ரயில்பாதையை நடத்தினார். அடிமை முறையை எதிர்த்து நின்றார். உள்நாட்டுப் போரில் கறுப்பின வீரர்களின் படைப்பிரிவைத் திரட்டத் துணைநின்றார். கல்வி பெற்ற பார்வையற்ற பிள்ளைகளும், குணமடைந்த நோயாளிகளும் உண்மை. கொடுத்தவர்களின் மனமும் பொய் இல்லை. இந்த நன்மைகளுக்கு முதலீடு போட்டவர்களின் பட்டியலில், தங்களை யாரும் கேட்காமலேயே, கான்டன் பகுதியின் அபின் புகைப்போரும் காசிப் பகுதியின் கசகசா உழவரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் கல்வெட்டும் இல்லை.

1858-இல், இரண்டாம் அபின் போரின் நெருக்கடியில், சீனா அபின் இறக்குமதியைச் சட்டப்படி அனுமதிக்க வேண்டியதாயிற்று. ஃபோர்ப்ஸ் 1889 நவம்பர் 23 அன்று, 85-ஆம் வயதில் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து ரஸல் கம்பெனி திவாலானது. இந்தியாவிலிருந்து சீனாவுக்கு அரசு அனுமதியுடன் போன அபின் 1913-இல்தான் நின்றது.

ரோஸுக்கு எழுதிய கான்டன் கடிதங்கள் 1996-இல், மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகத்தின் வெளியீடாகப் புத்தக வடிவம் பெற்றன. அதுவரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவருடைய சீன வணிகம் பற்றிப் பொதுவாசகர் கையில் இருந்தது பெரும்பாலும் தன்வரலாறுதான். முதுமையில் சொன்ன நியாயத்தைத்தான் அவர்கள் படித்தார்கள். இப்போது இரண்டும் நூலக அலமாரியில் இருக்கின்றன. 1876-இன் ஃபோர்ப்ஸுக்குப் பதில் சொல்ல வேறொருவர் வர வேண்டியதில்லை. 1839-இல் மனைவிக்கு எழுதிய ஃபோர்ப்ஸே சொல்லியிருக்கிறார்.